98.63 வாங்கிய வருடம் கிடைக்கவில்லை, 96.88 வாங்கிய வருடம் கிடைத்தது

2017 ஜனவரியில், எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வின் ரிசல்ட் வந்தபோது நான் மதிய ஷிஃப்டில் இருந்தேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி, டெஸ்டிங் பிரிவு. மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கி ஓடவிட்டு மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை. ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போனில் பார்த்தேன். 98.63. நேராக அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா அரசுப் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மார்க் ஷீட்டோடு வாழ்ந்த மனிதர்.

"அப்ப ஒன்றரை மார்க்குத்தான் போச்சாக்கும்?" என்றார்.

"இல்லப்பா, இது மார்க் இல்ல. பெர்சென்டைல்."

"அதென்ன சாமி, ரெண்டும் வேற வேறயா?"

வேறதான். எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குக் கீழே என்பதுதான் பெர்சென்டைல். நான் எடுத்த மார்க் 300-க்குப் பாதியை ஒட்டித்தான் இருந்தது. அந்த வருடம் கேட் எழுதியவர்கள் சுமார் 1.95 லட்சம் பேர். 98.63 என்றால் எனக்கு முன்னால் வரிசையில் ஏறத்தாழ 2,700 பேர் நிற்கிறார்கள் என்று பொருள். ஐ.ஐ.எம். என்கிற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் பேர்போன அகமதாபாத், பெங்களூர், கொல்கத்தா மூன்றையும் சேர்த்தாலே அப்போது ஆயிரத்துச் சொச்சம் இடங்கள்தான். அதிலும் பொதுப்பிரிவுக்குப் பாதி. இந்தக் கணக்கை அன்றைக்கு நான் போட்டுப் பார்க்கவில்லை. அப்பா கிலோ கணக்கில் லட்டு வாங்கித் தெருவுக்கே கொடுத்துவிட்டார்.

(இஞ்சினியர்கள் எழுதும் இன்னொரு பரீட்சையையும் தமிழில் 'கேட்' என்றுதான் எழுதியாக வேண்டும். அந்தக் குழப்பத்தில் என் மாமா ஒருவர் இன்றுவரை நான் எம்.டெக். படித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே நான் சொல்வது எம்.பி.ஏ.வுக்கான கேட்.)

அப்புறம் 'கால்' வரும் காலம். யாருக்கு எந்த ஐ.ஐ.எம்.மிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு என்று ஒவ்வொன்றாக வெளிவரும். எனக்குப் பழைய ஐ.ஐ.எம். ஒன்றிலிருந்தும் வரவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் 97.9 எடுத்திருந்தாள், அவளுக்கு பெங்களூர் கால் வந்தது. பெண் என்பதால்தான் கிடைத்தது என்று கேன்டீனில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவள் பத்தாவதில் 97 சதவீதம், பன்னிரண்டாவதில் 96. என் கதை வேறு.

பன்னிரண்டாவதில் நான் 1200-க்கு 948. தமிழ் 138, ஆங்கிலம் 131, கணிதம் 184, இயற்பியல் 168, வேதியியல் 162, கம்ப்யூட்டர் சயின்ஸ் 165. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இந்த வரிசையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்கும். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் கண் முன்னால் இருந்தது இஞ்சினியரிங் கட்-ஆஃப் ஒன்றுதான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, மொத்தம் 200. என் கட்-ஆஃப் 174.5. அதை வைத்து கோவையிலேயே சுமாரான ஒரு கல்லூரி கிடைத்தது. தமிழும் ஆங்கிலமும் அந்தக் கணக்கிலேயே வராது. "லாங்குவேஜ்ல பாஸ் பண்ணினா போதும்டா, அந்த நேரத்துக்கு இன்டெக்ரேஷன் போடு" என்று எங்கள் டியூஷன் வாத்தியார் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். தமிழ்ப் பரீட்சைக்கு முந்தைய நாள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், பொய் இல்லை.

ஏழு வருடம் கழித்து அதற்கு வட்டி கட்டினேன். அகமதாபாத் ஐ.ஐ.எம். உங்கள் மார்க் ஷீட்டில் உள்ள எல்லாப் பாடத்தையும் கூட்டித்தான் சதவீதம் பார்க்கிறது. கட்-ஆஃபை அல்ல. அந்தச் சதவீதத்துக்குப் படிக்கட்டு மாதிரி புள்ளி வைத்திருக்கிறார்கள். அறிவியல் குரூப்புக்கு 70-க்கு மேல் 80 வரை என்றால் 5 புள்ளி, 80-க்கு மேல் 90 வரை என்றால் 8, அதற்கும் மேலே 10. என்னுடையது 79 சதவீதம். இன்னும் 13 மார்க் இருந்திருந்தால் 5 என்பது 8 ஆகியிருக்கும். தமிழில் ஒரு கட்டுரையும் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் ஒழுங்காக எழுதியிருந்தால் வந்திருக்கக்கூடிய மார்க் அது.

சமீப ஆண்டுகளில் அகமதாபாத் வெளியிடும் கணக்கு இப்படி: நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதில் கேட் ஸ்கோருக்கு 65 சதவீத எடை, பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, வேலை அனுபவம் எல்லாம் சேர்ந்த 'அப்ளிகேஷன் ரேட்டிங்'குக்கு 35. நேர்காணல் முடிந்து இறுதிப் பட்டியல் போடும்போது கேட்டின் எடை 25-க்கு இறங்கிவிடும். நேர்காணலுக்கு 50, எழுத்துத் தேர்வுக்கு 10, ரேட்டிங்குக்கு 15. மற்ற ஐ.ஐ.எம்.களின் எண்கள் வேறு, வருடத்துக்கு வருடம் மாறவும் செய்யும். ஆனால் போக்கு இதுதான்: கூப்பிடும்வரை ஸ்கோர் பெரிய ஆள், உட்காரவைத்துப் பேசிய பிறகு நாலில் ஒரு பங்கு.

இந்த விவரமெல்லாம் ரகசியம் கிடையாது. ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் 'அட்மிஷன் பாலிசி' என்று ஒரு பி.டி.எஃப். போடுகிறது. நான் ஒன்றரை வருடம் மாக் டெஸ்ட் எழுதினேன், கோச்சிங்குக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டினேன், அந்த பி.டி.எஃப்.பை மட்டும் திறந்து பார்க்கவில்லை. ரிசல்ட் வந்து கால் வராதபோதுதான் திறந்தேன். இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிற பையன்களிடமும் பெண்களிடமும் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க்கை அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார். பழைய மார்க் குறைந்தவர்களுக்கு ஸ்கோரின் மதிப்பு கூடுதல், ஏனென்றால் இனி மாற்றக்கூடியது அது ஒன்றுதான். பழைய மார்க் நன்றாக உள்ளவர்கள் 98-லிருந்து 99-க்குப் போக இன்னொரு வருடத்தைச் செலவழிக்கத் தேவையில்லாமலும் போகலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அகமதாபாத் கணக்கில் எடுப்பது பெர்சென்டைலை அல்ல, ஸ்கோரை. 90-லிருந்து 91 பெர்சென்டைலுக்குப் போக ஓரிரு மார்க் போதும், அங்கே கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 99-லிருந்து 99.9-க்குப் போக எக்கச்சக்கமாக மார்க் வேண்டும். ஆகவே '99 வந்துவிட்டது, இதற்குமேல் எல்லாம் ஒன்றுதான்' என்று நினைப்பது தப்பு. பழைய மார்க்கில் விட்டதை ஸ்கோரில் பிடிக்க நினைப்பவர் பிடிக்க வேண்டிய இடம் அந்த மேல் உச்சிதான். அங்கே ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நான் ஏறவில்லை.

இன்னொரு பக்கம், பிரிவு வாரியான கட்-ஆஃப். வெர்பல் (ஆங்கிலம்), டி.ஐ.எல்.ஆர். (தரவும் தர்க்கப் புதிர்களும்), குவாண்ட் (கணக்கு) மூன்றிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும். என் ரூம்மேட் மொத்தத்தில் 97-க்கு மேல், குவாண்டில் 99.8, வெர்பலில் 66. ஒரு ஐ.ஐ.எம். கூட அவனைச் சீண்டவில்லை. நம் பக்கத்து இஞ்சினியரிங் பையன்கள் அதிகமாகச் சறுக்குகிற இடம் வெர்பல்தான். அதற்குக் குறுக்குவழி எனக்கு எதுவும் தெரியாது. ஆறு மாதம் தினமும் ஒரு மணி நேரம், நமக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களைப் பற்றிய நீண்ட ஆங்கிலக் கட்டுரைகளைப் படிப்பது. எனக்குப் பிடிபட்டது அப்படித்தான். சொற்பட்டியல் மனப்பாடம் செய்ததில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

சரி, 2017-க்கு வருகிறேன். பெரிய இடங்கள் கூப்பிடவில்லை என்றாலும் சி.ஏ.பி. கால் வந்தது. புதிய ஐ.ஐ.எம்.கள் பல சேர்ந்து நடத்தும் பொது நேர்காணல் அது. ஒரு தடவை பேசினால் போதும், அந்த மார்க்கை எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். வசதிதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் சொதப்பினால் அத்தனை இடத்திலும் சொதப்பியதாக ஆகிவிடும்.

பெங்களூருக்கு நைட் பஸ்ஸில் போனேன். இஸ்திரி போட்ட சட்டையை மடியிலேயே வைத்திருந்தேன். உள்ளே இரண்டு பேராசிரியர்கள். என் ஸ்கோரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பம்ப்பில் கேவிடேஷன் ஏன் வருகிறது என்று ஒருவர் கேட்டார், மடமடவென்று சொன்னேன். அடுத்தவர் ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் கம்பெனியில் எந்த மாதம் விற்பனை அதிகம்?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டரை வருடம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் லாரி வரிசையாக நிற்கும், எங்களுக்கு ஓவர்டைம் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்காது என்று புலம்புவோம். கோடையில் கிணறு வற்றும், விவசாயி போர் போடுவார், பம்ப் வாங்குவார் என்று அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. "வருடம் முழுவதும் ஒரே மாதிரிதான் சார்" என்றேன். அவர் புன்னகைத்தார். டீலருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் தெரியாது. வெயிட்டிங் லிஸ்ட் போட்டார்கள், அது கடைசிவரை நகரவில்லை.

98.63-ஐ அந்த அறையில் எடுத்து நீட்ட முடியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருமே ஏறக்குறைய அதே எண்ணோடு வந்தவர்கள்.

அந்த வருடம் கேட் எழுதவில்லை. மனசு விட்டுப்போயிருந்தது. மேனேஜரிடம் கேட்டு சர்வீஸ் பிரிவுக்கு மாறினேன். சம்பளம் கூடவில்லை, அலைச்சல்தான் கூடியது. தர்மபுரி, சேலம், திண்டுக்கல் என்று டீலர் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் போனேன். எம்.பி.ஏ.வுக்காக என்று யோசித்து எடுத்த முடிவு என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் டெஸ்டிங் தொட்டியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

2018-இல் மறுபடி விண்ணப்பம் போடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. இதைப் பற்றி நம் ஊரில் பலருக்கும் தெளிவு இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2016-இல் நான் பொதுப்பிரிவில் விண்ணப்பித்திருந்தேன். எங்களிடம் இருந்தது தமிழ்நாட்டின் பி.சி. சாதிச் சான்றிதழ். ஐ.ஐ.எம். கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதியான அடுக்கைச் சேராதவர் என்பதற்கான சான்று. இரண்டும் ஒன்றல்ல. மாநிலப் பட்டியலில் பி.சி.யாகவோ எம்.பி.சி.யாகவோ இருக்கும் எல்லாச் சமூகமும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் அதைப் பார்க்க வேண்டும். எங்களுடையது இருந்தது. ஆனால் ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர், "அப்பா அம்மா ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்தா ஆறு லட்சத்தைத் தாண்டுதுங்க, கிடைக்காது" என்று 2016-இலேயே சொல்லிவிட்டார், நாங்களும் விட்டுவிட்டோம். அம்மா அப்போது ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அந்த வருமான வரம்புக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர்களுக்கு அவர்கள் வகிக்கும் பதவியின் தரம்தான் அளவுகோல். 2018-இல் அப்பாவே விதியை அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனார். மூன்று நடை. சான்றிதழ் வந்தது.

இந்தச் சான்றிதழ் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும், பழையது செல்லாது. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் போட்டிருப்பார்கள். விண்ணப்பித்து முடித்த பிறகு பிரிவை மாற்றவும் விடமாட்டார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம் என்றால் ஜூனிலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

2018 நவம்பர் 25-இல் எழுதினேன். டி.ஐ.எல்.ஆரில் முதலில் தொட்ட செட் (ஒரே தரவை வைத்துக் கேட்கும் கேள்விக் கொத்து) அவிழவே இல்லை. இருபது நிமிடம் அதிலேயே கட்டிப் புரண்டேன், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகத் தெம்பில்லை. பலரும் செய்கிற தப்பு. எந்த செட்டை விடுவது என்று தெரிவதுதான் அந்தப் பிரிவில் பாதி வேலை. இப்போது மூன்று பிரிவுக்கும் தலா 40 நிமிடம்தான், அன்றைக்கு எனக்கு 60 நிமிடம் இருந்தது. ரிசல்ட் 96.88.

முன்னைவிடக் குறைவு. இந்த முறை லட்டு இல்லை. ஆனால் பழைய ஐ.ஐ.எம். ஒன்றிலிருந்தும் கால், சி.ஏ.பி.யிலிருந்தும் கால். ஓ.பி.சி. பிரிவின் கட்-ஆஃபும், நாலு வருட வேலை அனுபவமும் சேர்ந்து செய்த காரியம். இதை மறைத்துவிட்டு 'விடாமுயற்சியால் வென்றேன்' என்று எழுதினால் அது புளுகு.

பழைய ஐ.ஐ.எம்.மில் கிடைக்கவில்லை. சி.ஏ.பி. நேர்காணலில் நடந்ததைச் சொல்கிறேன். மறுபடி பெங்களூர், மறுபடி இரண்டு பேர். என் விண்ணப்பத்தைப் புரட்டிய ஒருவர் கேட்டார்: "தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற ஸ்டார் ரேட்டிங் பம்ப்பை ஒரு விவசாயி ஏன் அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும்?"

நியாயமான கேள்வி. விவசாய பம்ப்செட்டுகளுக்கு இங்கே பல பத்தாண்டுகளாக இலவச மின்சாரம். யூனிட் குறைந்தால் அவருக்கென்ன லாபம்? ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் நான் பார்த்தது வேறு. தர்மபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு பெரியவர் மோட்டாரை மேலே ஏற்றிப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்தில் மூன்றாவது தடவை மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்திருந்தது. லோ வோல்டேஜ். காயில் கட்டுகிற கூலி, மோட்டாரை ஏற்றி இறக்குகிற ஆட்கூலி, அந்த ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் வாடிய தக்காளி. மின்சாரம் இலவசம், இவை எதுவும் இலவசம் இல்லை.

இதைத்தான் சொன்னேன். மின்சாரச் சிக்கனம் என்று சொல்லி அவரிடம் விற்க முடியாது, குறைந்த வோல்டேஜிலும் காயில் எரியாது என்று சொன்னால்தான் காது கொடுப்பார் என்றேன். "உங்கள் கம்பெனி விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறது?" என்றார் அவர். "ஸ்டார் ரேட்டிங்தான் சார்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம் பேச்சு வேறெங்கும் போகவில்லை. டீலர் ஏன் எங்கள் பம்ப்பை முன்னால் வைக்காமல் உள்ளூர் பம்ப்பை வைக்கிறார், ரிப்பேர் மெக்கானிக் சொல்வதைத்தான் விவசாயி கேட்கிறார் என்பது கம்பெனிக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுமாறியது. அவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மே மாதம் திருச்சி ஐ.ஐ.எம்.மில் இடம் கிடைத்தது. புதுக்கோட்டை சாலையில் சின்ன சூரியூர், ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அம்மாவுக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

உள்ளே போன பிறகு ஒன்று கவனித்தேன். எங்கள் பேட்சில் 99-க்காரர்களும் இருந்தார்கள், 90-ஐ ஒட்டியவர்களும் இருந்தார்கள். முதல் டெர்மிலேயே அந்த வரிசை கலைந்துவிட்டது. யார் எவ்வளவு என்று கேட்பது அதற்குப் பிறகு நின்றுபோனது. ஆனால் சில கம்பெனிகள் வேலைக்கு எடுக்கும்போதும் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கைக் கேட்டன. என் தமிழ் 138 அங்கேயும் பின்னால் வந்து நின்றது.

கேட் ஒன்றையே கட்டிக்கொண்டு அழத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட் ஸ்கோர் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும்தான். நவம்பரில் காய்ச்சல் வந்தால் ஒரு வருடம் போச்சு. ஜனவரியில் நடக்கும் எக்ஸ்.ஏ.டி. என்ற எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு தனி ரகம், அதில் முடிவெடுக்கும் திறனுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. தமிழ்நாட்டுக்குள் படித்தால் போதும் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் இருக்கிறது. ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்), வெளிநாடு என்று யோசிப்பவர்களுக்கு ஜிமேட். அதன் ஸ்கோர் ஐந்து வருடம் செல்லும், பிடிக்காவிட்டால் திரும்ப எழுதலாம், எந்த ஸ்கோரை அனுப்புவது என்பதையும் நாமே முடிவு செய்துகொள்ளலாம். என் சித்தி மகள் ஜிமேட்டில் 645 எடுத்துவிட்டு அழுதாள். வீட்டில் 700 எதிர்பார்த்தார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டின் அளவுகோலே வேறு, 205-லிருந்து 805 வரை. பழைய 700-க்குச் சமமான இடத்தில்தான் இந்த 645 நிற்கிறது. அதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அப்பாவுக்குப் பெர்சென்டைல் இப்போது நன்றாகவே புரியும். தெருவில் யார் வீட்டுப் பிள்ளை கேட் எழுதினாலும் சான்றிதழ் தேதியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் யாராவது, "உங்க பையன் எவ்வளவுங்க எடுத்தான்?" என்று கேட்டால், எந்த ஸ்கோருக்கு இடம் கிடைத்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, "98.63" என்கிறார். நானும் திருத்துவதில்லை.